தலைசுற்றலும் வேலையில்லாத நாட்களும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கேள்விகளுக்குக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரும், சமநிலைப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். தலைசுற்றலால் வேலையை இழந்தவர்களும், வேலை இல்லாததால் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டவர்களும் எழுதிய கடிதங்களை மட்டுமே இம்முறை எடுத்திருக்கிறோம்.

கேள்வி: பெயின்டர் வேலை பார்க்கிறேன். வயது 46. இரண்டு மாதமாக, அண்ணாந்து சீலிங் அடித்தாலோ படுக்கையில் வலது பக்கம் புரண்டாலோ வீடே சுழல்கிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடும். ஒருநாள் சாரத்தில் தடுமாறியதைப் பார்த்த மேஸ்திரி, அதற்குப் பிறகு கூப்பிடுவதே இல்லை. மெடிக்கலில் கொடுத்த மாத்திரையை இரண்டு வேளை போடுகிறேன், குறையவில்லை. ஸ்கேன் எடுக்கக் கையில் பணமும் இல்லை.
– வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களுக்கு ஸ்கேன் முதல் தேவையில்லை. தலையை ஒரு குறிப்பிட்ட நிலைக்குக் கொண்டுபோனால் மட்டும் வருகிறது, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது, காது கேட்பதில் குறையில்லை என்றால் பெரும்பாலும் அது உள்காதின் சுண்ணாம்புத் துகள் இடம் மாறிய தொல்லைதான். உள்காதில் ஒரு சிறு பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். வயதாலோ, தலையில் அடிபட்டதாலோ, நாள்கணக்கில் படுத்துக் கிடந்ததாலோ அவை உதிர்ந்து, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். நீங்கள் அண்ணாந்தால் துகள் குழாய்க்குள் உருளும். தலை அசையாமல் இருந்தாலும் சுழல்வதாக மூளைக்குச் செய்தி போகும்.

குழாய்க்குள் கிடக்கும் துகளை மாத்திரை வெளியே எடுக்காது. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற மாத்திரைகள் சுற்றும் உணர்வை மட்டுமே மழுக்குகின்றன. மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரும். பிரஷ் பிடிக்கும் கைக்கு அது கூடவே கூடாது. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு ஓ.பி.க்குப் போங்கள். உங்களைக் கட்டிலில் சட்டென்று சாய்த்து, கண்ணின் ஓட்டத்தைப் பார்த்து எந்தக் காது என்று சொல்லிவிடுவார்கள். துகளைத் திரும்பத் தள்ளும் முறையை அங்கேயே செய்துவிடலாம். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி உருவாக்கிய முறை இது. சில நிமிட வேலைதான்.

பக்கம் வலது என்று உறுதியான பிறகு, வீட்டில் தொடர்ந்து செய்ய இதுதான் வரிசை. கட்டிலில் கால் நீட்டி உட்காருங்கள். மல்லாந்தால் தோள்பட்டைக்கு அடியில் வரும்படி ஒரு தலையணையைப் பின்னால் போடுங்கள். முகத்தை வலப்பக்கம் பாதி திருப்புங்கள், அதாவது முகவாய் நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அப்படியே வேகமாக மல்லாருங்கள். தோள் தலையணையிலும், பின்தலை அதைவிடத் தாழ்ந்து மெத்தையிலும் படியட்டும். சுற்றும், பயப்படாதீர்கள். கண்ணைத் திறந்தே வையுங்கள். ஒரு நிமிடம். அடுத்து, தலையைத் தூக்காமல் மெத்தையிலேயே உருட்டி இடப்பக்கம் அதே அளவு திருப்புங்கள். ஒரு நிமிடம். பிறகு உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து, மூக்கு மெத்தையைப் பார்க்கும்படி தலையை மேலும் திருப்புங்கள். இன்னொரு நிமிடம். கடைசியாக, முகவாயைச் சற்றுத் தாழ்த்தியபடி இடப்பக்கமாகவே எழுந்து காலைத் தொங்கப்போட்டு உட்காருங்கள். எழும் நொடியில் ஒரு தள்ளு தள்ளும், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை, 24 மணி நேரம் சுற்றலே இல்லை என்றாகும்வரை செய்யுங்கள்.

பலருக்குப் பலிக்காமல் போவது எங்கே என்றால், இரண்டாவது நிலையிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது தலையைத் தூக்கிவிடுவார்கள். துகள் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அல்லது சுற்றல் நின்ற உடனே அடுத்த நிலைக்குத் தாவுவார்கள், அல்லது காதையே மாற்றிச் செய்வார்கள். எந்தப் பக்கம் புரண்டாலும் பலமாகச் சுற்றுகிறது என்றால் துகள் வேறு குழாயில் இருக்கலாம். அதற்கு முறை வேறு, மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள். கழுத்து ஆபரேஷன் ஆனவர்கள், கழுத்து டிஸ்க் மோசமாக இருப்பவர்கள், விழித்திரை விலகியவர்கள், அண்மையில் பக்கவாதம் வந்தவர்கள் வீட்டில் செய்யவே கூடாது. முடிந்த பிறகு ஓரிரு நாள் மிதப்பது போல இருக்கும், தானே போய்விடும். உட்கார்ந்தபடியே தூங்க வேண்டியதில்லை.

சாரம், ஏணி இரண்டிலும் சுற்றல் நின்று ஒரு வாரமாவது ஏறாதீர்கள். ஏறும் முன் ஓ.பி.யில் மறுபடி சாய்த்துப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். அதுவரை தரையில் நின்று செய்யும் வேலைகள் இருக்கின்றன: பட்டி பார்ப்பது, எமரி போடுவது, இடுப்பு உயரம்வரை பிரைமர் அடிப்பது, கதவு ஜன்னல் பாலிஷ். மேஸ்திரியிடம் "காதுக் கோளாறு, சரியாகிவிட்டது, ஒரு வாரம் தரை வேலை கொடுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். குடித்துவிட்டுத் தடுமாறினாய் என்ற பேர் வராமல் இருக்கவாவது அது உதவும். இந்தத் தொல்லை சிலருக்குத் திரும்ப வரும். வந்தால் மெடிக்கலுக்கு ஓடாமல் இதே வரிசையைச் செய்யுங்கள்.

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் ஆள்குறைப்பில் வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. ஒரு வருடமாக, மாதம் ஒருமுறை இடது காது அடைத்து, 'உம்' என்று இரைந்து, இரண்டு மூன்று மணி நேரம் சுற்றி வாந்தி வருகிறது. இன்டர்வியூ நடுவில் வந்துவிடுமோ என்று கூப்பிட்ட இடத்துக்கும் போகவில்லை. இன்சூரன்சும் போய்விட்டது.
– வாசகி, சென்னை

பதில்: காது அடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் ஏறி இறங்குவது, 20 நிமிடம் முதல் 12 மணி நேரம்வரை நீளும் சுற்றல் எல்லாம் சேர்ந்து வந்தால் மெனியர் என்ற உள்காது நோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு முக்கியமான சோதனை, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம். காது தெளிவாக இருக்கும் நாளில் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். அடைப்பு இருக்கும் வாரத்திலேயே ஓ.பி.க்குப் போய்க் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எடுப்பார்கள். ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்திருந்தால், செவி நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய ஒரே ஒரு எம்.ஆர்.ஐ. தேவைப்படும். அதை அங்கேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மாதாமாதம் எடுக்க வேண்டியதில்லை.

இந்தச் சுற்றலுக்கு வழக்கமாகத் தரும் பீட்டாஹிஸ்டின் மாத்திரை உங்களுக்கு எழுதப்பட்டிருக்கும். ஜெர்மனியில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், அதை ஒன்பது மாதம் போட்டவர்களுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரை போட்டவர்களுக்கும் தாக்குதலின் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் பல மருத்துவர்கள் தருகிறார்கள், சிலர் பலன் இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் கருத்து: தாக்குதல் வந்த தேதி, நேர அளவு இரண்டையும் காலண்டரில் குறித்துவையுங்கள். மூன்று மாதத்தில் மாற்றம் இல்லையென்றால், கடன் வாங்கித் தொடர வேண்டாம், மருத்துவரிடம் காட்டி மாற்றுங்கள். தொடர்வதானால் மக்கள் மருந்தகத்தில் ஜெனரிக் கேளுங்கள். ஆஸ்துமா, வயிற்றுப் புண் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உப்பைக் குறைத்துப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. நாளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் தலை தட்டி, அதுவும் எல்லாம் சேர்த்து. சமையலில் அளந்து போடுவது சிரமம் என்றால் பாக்கெட்டைப் பாருங்கள். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்பு ஒரு மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு நாளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. அந்தக் கணக்கில் வராமல் உள்ளே போவது ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, பாக்கெட் நூடுல்ஸ் மசாலா. வேலை இல்லாத வீட்டில் காய்க்குப் பதில் ஊறுகாயும் அப்பளமும் தட்டில் ஏறிவிடுவது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் முதலில் அதைச் சொல்கிறோம். தூக்கம் கெடுவதும் பலருக்குத் தாக்குதலைக் கிளப்பும்.

இன்டர்வியூவைத் தவிர்க்காதீர்கள். பலருக்குக் காது அடைப்போ இரைச்சலோ முன்கூட்டியே கூடும். அன்று ஆன்லைனில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். நேரில் போவதானால் மருத்துவர் எழுதித்தந்த வாந்தி மாத்திரை, ஒரு பிளாஸ்டிக் பை, தண்ணீர் பையில் இருக்கட்டும். சுற்றத் தொடங்கினால் கீழே உட்கார்ந்து, அசையாத ஒரே புள்ளியைப் பாருங்கள். தாக்குதல் இப்படி வரும் காலத்தில் வண்டி ஓட்ட வேண்டாம்.

இன்சூரன்ஸ் பற்றி, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து: கம்பெனி குழுக் காப்பீட்டை, வெளியேறும்போது அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. மாற்றினால், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தில் கம்பெனி பாலிசியில் கழிந்த வருடங்கள் கழித்துக்கொள்ளப்படும். கடைசி வேலை நாளுக்கு முன்பே எச்.ஆர்.-இடம் எழுத்தில் கேட்க வேண்டும். உங்களுக்கு அந்த வாய்ப்பு கடந்துவிட்டிருக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வி.ஏ.ஓ. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கொண்டு பதியுங்கள். அது முக்கியமாக உள்நோயாளி சிகிச்சைக்குத்தான்.

கேள்வி: ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்த்தேன். மூன்று மாதம் முன்பு, மூன்று நாள் விடாமல் சுற்றி வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 'காது நரம்பில் வைரஸ்' என்றார்கள். சுற்றல் நின்றும், படகில் நடப்பது போலவே இருக்கிறது. கூட்டத்தில் நிற்க முடியவில்லை. கடையில் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் "அசையாமல் படு" என்கிறார்கள்.
– வாசகி, திருச்சி

பதில்: அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனால் படுத்தே இருந்தால் சரியாகாது. ஒரு காதின் சமநிலை நரம்பு அடிபட்டால், மீதியிருப்பதை வைத்துச் சமாளிக்க மூளை பழக வேண்டும். தலை அசைந்தால்தான் அது பழகும். சுற்றல் மாத்திரை முதல் இரண்டு மூன்று நாளுக்குத்தான். இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் அதுவே பழகவிடாமல் தடுக்கும். எழுதித் தந்தவரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

பயிற்சி இது. ஒரு வெள்ளைத்தாளில் கட்டைவிரல் நகம் அளவுக்கு 'அ' எழுதி, கண் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். கை நீட்டும் தூரத்தில் நாற்காலியில் உட்காருங்கள். எழுத்திலிருந்து பார்வையை எடுக்காமல், 'வேண்டாம்' என்று தலையாட்டுவது போலச் சிறு அளவில் இடவலமாக ஒரு நிமிடம் ஆட்டுங்கள். பிறகு மேலும் கீழுமாக ஒரு நிமிடம். எழுத்து கலங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக ஆட்டுங்கள். நாளுக்கு மூன்று முதல் ஐந்து முறை. சுலபமானதும் நின்று செய்யுங்கள். அடுத்து, முதுகுக்குப் பின்னால் சுவர் மூலை, முன்னால் ஒரு நாற்காலி என்று வைத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து 30 விநாடி நில்லுங்கள், பிறகு கண்ணை மூடி 30 விநாடி. தரை டைல்ஸின் இணைப்புக் கோட்டில் குதிகாலும் விரல்நுனியும் தொட்டபடி, சுவர் ஓரமாகப் பத்து அடி நடங்கள். இரண்டாவது வாரம் தெருவில், இடமும் வலமும் கடைப் பலகைகளைப் படித்தபடி நடங்கள். அதன் பிறகு கூட்டமில்லாத நேரத்தில் பஸ், கடைசியாக மார்க்கெட்.

செய்யும்போது கொஞ்சம் கிறுகிறுப்பு வரத்தான் வேண்டும். கால் மணி நேரத்தில் அடங்கினால் அளவு சரி. மணிக்கணக்கில் நீடித்தால் பாதியாகக் குறையுங்கள். வந்தவுடன் பயந்து நிறுத்துவதும், தலைக்குப் பதில் கண்ணை மட்டும் உருட்டுவதும்தான் வழக்கமான தவறுகள். ஆறு முதல் எட்டு வாரம் கொடுங்கள்.

உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தார்களா என்று பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், வேலை போனாலும் அடுத்த ஜனவரி முதல் ஜூன்வரை வைத்திய வசதி தொடரும். அக்டோபர் – மார்ச் சந்தாவுக்கு ஜூலை – டிசம்பர். அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேலை இழந்தவர்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் பாதியை 90 நாள்வரை தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டமும் இ.எஸ்.ஐ.யில் உண்டு. அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் அது. இப்போதைய விதி என்ன, உங்களுக்குப் பொருந்துமா என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: கழுத்து எலும்புத் தேய்மானத்தால் தலைசுற்றல் என்று காலர் போட்டிருக்கிறேன். எத்தனை நாள் போட வேண்டும்?
– வாசகர், சேலம்

பதில்: நடுத்தர வயதைத் தாண்டிய பலரது கழுத்து எக்ஸ்ரேயிலும் தேய்மானம் தெரியும், சுற்றல் இல்லாதவர்களுக்கும்தான். அதை மட்டும் வைத்துச் சுற்றலுக்குக் காரணம் சொல்ல முடியாது. காதைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். காலரால் கழுத்துத் தசை சோர்ந்துபோகும், தலை அசைவும் குறையும்.

கேள்வி: வேலை போனதிலிருந்து இரண்டு வேளைதான் சாப்பாடு. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. இதுவும் காதுதானா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: உலகம் சுழலாமல் கண் மட்டும் இருட்டினால் பெரும்பாலும் காது இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தைப் படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 குறைந்தால் காரணம் அதுதான். பி.பி. மாத்திரை போடுபவரா என்பதையும் சொல்லுங்கள். காலையில் பழைய சோறும் மோருமாவது சாப்பிடாமல் வேலை தேடி வெயிலில் கிளம்பாதீர்கள்.

சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணல், ஒரு பக்கம் மரத்துப்போதல், பிடித்தாலும் நிற்க முடியாமை, இதுவரை வராத தலைவலி இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாளுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

கேள்வி: தலைசுற்றலுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் தலைசுற்றல் தனியாக இல்லை. செவித்திறன் குறைபாடு உண்டு, ஆனால் இரண்டு காதிலும் 60 டெசிபல் அளவுக்காவது இழப்பு வேண்டும். ஒரு காது மட்டும் என்றால் இந்த வகையில் வராது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தால், வயது, வருமான வரம்புக்கு உட்பட்டு மாநில அரசின் வேலையற்றோர் உதவித்தொகைக்கு மனு போடலாம். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, மூன்று ஆண்டுகளுக்கு. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் மனு நிற்காது. முதலில் அட்டையில் புதுப்பிக்க வேண்டிய தேதியைப் பாருங்கள்.