‘அல்சர்’ என்று சொன்னது யார்? வயிறு, குடல் கேள்வி-பதில்

கேள்வி: எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் ‘ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்’ என்று போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

கேஸ்ட்ரைட்டிஸ் என்றால் இரைப்பை அழற்சி; ஆன்ட்ரம் என்பது இரைப்பையின் கீழ்ப்பகுதி. அங்கே சளிப்படலம் சிவந்திருப்பதாகப் பார்த்தவர் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். சிவந்து தெரிவதெல்லாம் அழற்சி ஆகாது. அதை உறுதி செய்வது பயாப்சி, அதாவது சிறு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை. அந்தச் சோதனைத் தாளில் எச். பைலோரி (இரைப்பையில் வாழும் ஒரு கிருமி), அட்ரோஃபி (சளிப்படலம் மெலிந்துபோவது), இன்டஸ்டினல் மெட்டாபிளேசியா (இரைப்பைப் படலம் குடல் படலம்போல மாறுவது) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஏதாவது ஒன்று இருந்தால் மருத்துவரிடம் மேற்கொண்டு பேச வேண்டும். மேலே சொன்ன தலைப்புக்காக மட்டும் தூக்கம் கெட வேண்டாம்.

கேள்வி: பித்தப்பையில் 8 மி.மீ. கல். வலி இல்லை. எடுத்துவிடலாமா?

தொந்தரவு தராத கல்லைப் பொதுவாக எடுப்பதில்லை. மேல்வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ அரை மணிக்கு மேல் நீடிக்கும் வலி, காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 15 வருடமாக அல்சர். தினம் ஒரு பான்டோபிரசோல் (அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை) போட்டால்தான் வண்டி ஓடுகிறது. நிரந்தரத் தீர்வு சொல்லுங்கள்.

எண்டோஸ்கோப்பி எப்போது செய்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. செய்யவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் அல்சர் என்று சொன்னது யார்? நெஞ்சு எரிந்தால் அல்சர், ஏப்பம் வந்தால் அல்சர், ஒருவேளை சாப்பாடு தள்ளிப்போனால் அல்சர் என்று எழுதுகிறவர்களுக்கு இதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். அல்சர் என்பது புண். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ சளிப்படலத்தைத் துளைத்து உள்ளே இறங்கிய, சுமார் 5 மி.மீ.க்குக் குறையாத புண்ணுக்குத்தான் அந்தப் பெயர். மேலோட்டமாக இருந்தால் எரோஷன். எரிச்சலை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, பார்த்தாக வேண்டும்.

நேரம் தப்பிச் சாப்பிடுவதும் காரமும் அல்சரை உண்டாக்குவதில்லை. பெரும்பாலான புண்களுக்குக் காரணம் இரண்டே: எச். பைலோரி கிருமி, வலி மாத்திரைகள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் இதில் அடங்கும். கிருமியின் பங்கைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டது. கிருமி இருந்தால் அமில மாத்திரையோடு ஆன்டிபயாட்டிக்குகள் சேர்த்து 14 நாள். வலி மாத்திரை காரணம் என்றால், எழுதித் தந்த மருத்துவரைக் கேட்டு அதை விட வேண்டும். காரணம் நீங்கினால் முன்சிறுகுடல் புண் 4 வாரத்திலும் இரைப்பைப் புண் 8 வாரத்திலும் பெரும்பாலும் ஆறிவிடும். ஆறாத இரைப்பைப் புண்ணை மறுபடி பயாப்சி எடுத்துப் பார்ப்பது அவசியம். அது புற்றுநோயாக இருக்கலாம். 15 வருடம் ஓடுகிற ‘அல்சர்’ பெரும்பாலும் ரிஃப்ளக்ஸ் (அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறுவது), இல்லாவிட்டால் ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா (புண் எதுவும் இல்லாமலே வரும் மேல்வயிற்றுத் தொந்தரவு).

கிருமி ஒழிந்ததா என்று பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. மருந்து முடிந்து 4 வாரமாவது கழித்து மூச்சுப் பரிசோதனையோ, மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜன் சோதனையோ செய்யுங்கள். அதற்கு முந்தைய 2 வாரம் பான்டோபிரசோல் கூடாது. போட்டால் இருக்கும் கிருமியும் இல்லை என்று வரும். இரத்த ஆன்டிபாடி இதற்கு உதவாது, கிருமி போன பிறகும் வெகுகாலம் பாசிட்டிவாகவே இருக்கும்.

பான்டோபிரசோல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடுங்கள். உணவு உள்ளே போகும்போதுதான் அமிலப் பம்புகள் வேலை தொடங்குகின்றன. மருந்து அப்போது இரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். பல வருடம் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் சில வாரம் அமிலம் முன்பைவிட அதிகம் சுரக்கும். அதைப் பார்த்து ‘அல்சர் திரும்பிவிட்டது’ என்று மறுபடி தொடங்குகிறவர்கள்தான் அதிகம். மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

கேள்வி: பிலிருபின் 1.9. கல்லீரல் கெட்டுவிட்டதா?

மொத்த அளவை மட்டும் அனுப்பினால் என்னத்தைச் சொல்வது? டைரக்ட் (கல்லீரல் பதப்படுத்திய பிலிருபின்), இன்டைரக்ட் (இன்னும் பதப்படுத்தாதது), கல்லீரல் என்சைம்கள், ஹீமோகுளோபின் எல்லாம் வேண்டும். ஏற்றம் இன்டைரக்டில் மட்டும் இருந்து, மற்றவை சரியாக இருந்தால் அநேகமாகக் கில்பர்ட் சின்ட்ரோம், பிறவியிலேயே வரும் தீங்கில்லாத நிலை. பட்டினியிலும் காய்ச்சலிலும் ஏறும், பிறகு இறங்கும். மருந்து கிடையாது, தேவையும் இல்லை.

கேள்வி: ஓ.ஆர்.எஸ். குடித்தும் பேதி நிற்கவில்லையே?

பேதியை நிறுத்துவது அதன் வேலையே இல்லை. போன நீரையும் உப்பையும் ஈடுகட்டத்தான் அது. குளுக்கோஸ் சோடியத்தைக் குடல் சுவர் வழியே உடலுக்குள் இழுக்கிறது, பின்னாலேயே நீர் போகிறது. இந்த அளவு குலைந்தால் பயன் போய்விடும். 1 லிட்டர் பாக்கெட்டை முழுதாக 1 லிட்டர் நீரில் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் என்று கொட்டாதீர்கள். கெட்டியாகிவிட்டால் பேதி கூடும், குழந்தைக்கு இரத்தத்தில் சோடியம் ஏறும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

கேள்வி: ஐ.பி.எஸ்., ஐ.பி.டி. இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஐ.பி.எஸ்.ஸில் (இரிட்டபிள் பவல் சின்ட்ரோம்) குடலின் அசைவும் உணர்வும் கோளாறு, புண் கிடையாது. ஐ.பி.டி. (இன்ஃப்ளமேட்டரி பவல் டிசீஸ்) என்பது குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற நோய்கள்; இவற்றில் இருப்பது உண்மையான அழற்சி. மலத்தில் இரத்தம், எடைக் குறைவு, இரவில் எழுப்பும் பேதி இருந்தால் ஐ.பி.எஸ். என்று சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் ஐ.பி.டி.க்கு வாய்ப்புக் குறைவு. வலி மாத்திரை இந்த எண்ணையும் ஏற்றிவிடும், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதும் மலம் கறுத்துவிட்டது.

இரும்பு அப்படித்தான் செய்யும்; பச்சை கலந்த கறுப்பு, உருவம் மாறாது. தார்போலப் பளபளத்து, ஒட்டி, கடுமையாக நாறினால் அது மெலீனா, பெரும்பாலும் இரைப்பையிலோ மேல்குடலிலோ இரத்தக் கசிவு. பிரித்துச் சொல்ல முடியவில்லையா, தலைசுற்றலும் படபடப்பும் கூடவே இருக்கின்றனவா, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.