டார்ச் லைட்டை மொபைல் சார்ஜரில் சார்ஜ் போட ஒரு டயோடும் ரெசிஸ்டரும் சேர்த்தால் போதுமா?

போதும். டயோடு மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும், ரெசிஸ்டர் அதன் அளவைக் குறைக்கும். ஆனால் எந்த டயோடு, உள்ளே எந்த பேட்டரி என்று பார்க்காமல் போட்டால் என் கதைதான் உங்களுக்கும். உங்களுடையது சுவர் பிளக்கில் நேராகச் செருகும் இரண்டு பின் வைத்த, 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி போட்ட லைட் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் கடையம் பக்கம் வீட்டுக்கு வீடு அதுதான். டார்ச் என்று யாரும் சொல்வதில்லை, பேட்டரி லைட்.

கழற்றிப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. ஒரு கெப்பாசிட்டர், நாலு டயோடு, ஒன்றிரண்டு ரெசிஸ்டர். 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 70 மில்லி ஆம்பியர் விடும். பேட்டரி நிறைந்தாலும் நிறுத்தத் தெரியாது. அடிக்கடி மறந்து விட்டுவிட்டால் பேட்டரி காய்ந்துபோகும். எங்கள் வீட்டில் அப்படியே இரண்டு லைட் போயின.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தவன் சும்மா இருப்பேனா? மூன்றாவது லைட்டின் பழைய போர்டிலிருந்தே ஒரு 1என்4007 டயோடைப் பிடுங்கி, ஒரு ரெசிஸ்டரோடு தொடராக மொபைல் சார்ஜருக்கும் பேட்டரிக்கும் நடுவே வைத்தேன். சார்ஜர் தருகிற ஐந்து வோல்ட்டில் டயோடு 0.7 விழுங்கும், மீதி 4.3. நாலு வோல்ட் பேட்டரிக்கு இது போதாதா? போதாது. பேரில்தான் நாலு. வயிறு நிறைய வேண்டுமென்றால் நாலரைக்கு மேல் கொடுக்க வேண்டும்.

அப்பா அதை எடுத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்கு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். கால் மணி நேரத்தில் மின்மினிப் பூச்சி ஆகிவிட்டதாம். "ஏல, ஒன் டயோடு வெளிச்சத்துல என் காலே எனக்குத் தெரியல" என்று வாசலில் நின்று அவர் சொன்னதை, வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இன்னும் சொல்கிறாள்.

அன்றைக்குப் பார்த்து பன்றியும் இறங்கியிருந்தது. மலையடிவாரத்தில் வாழை போட்டவர்களுக்குத் தெரியும், வயிற்றுக்குத் தின்றுவிட்டுப் போகாது, மரத்தையே தோண்டிச் சாய்த்துவிடும். சாய்ந்த மரங்களைப் படம் எடுத்துக்கொண்டு, இழப்பீடு கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்தேன். மூன்றாவது தடவை, "படத்தில் பன்றி இல்லையே" என்றார்கள். பன்றியை நிற்கச் சொல்லியா எடுக்க முடியும்? சரி, அதை விடுங்கள்.

அப்புறம் 1என்5819 ஷாட்கி டயோடு வாங்கி மாற்றினேன். அது 0.3 வோல்ட் அளவுதான் விழுங்கும். கூடவே 2.2 ஓம், 1 வாட் ரெசிஸ்டர். இறங்கின பேட்டரிக்கு முதலில் 300 மில்லி ஆம்பியர் அளவுக்குப் போகும், ஏற ஏறத் தானே குறையும், கடைசியில் 4.7 பக்கம் நிற்கும். இதுவும் நாள்கணக்கில் விட்டுவைக்கிற வோல்டேஜ் இல்லை, காலையில் எடுத்துவிட வேண்டும். டயோடு இருப்பதால் பேட்டரியிலிருந்து சார்ஜருக்குத் திரும்பி ஓடாது.

"இதற்கு டிபி4056 போர்டே கிடைக்குமே" என்று எழுதப்போகிறவர்களுக்கு: அது 4.2 வோல்ட்டில் நிற்கிற லித்தியம் சார்ஜர். லெட் ஆசிட்டுக்கு அது நான் செய்த அதே தப்பு. உங்கள் பேட்டரியின் மேல் 3.7 என்று போட்டிருந்தால் அந்த போர்டையே வாங்குங்கள், அது லித்தியம் பேட்டரி, டயோடு வித்தையை அந்த பேட்டரி பக்கம் கொண்டுபோகாதீர்கள். மின்னோட்டம் குறையக் குறைய டயோடு விழுங்குவதும் குறையும், வோல்டேஜ் 4.2ஐத் தாண்டிவிடும். லித்தியம் அதைத் தாங்காது.

இன்னொன்று. பழைய கெப்பாசிட்டர் போர்டையும் இரண்டு பின்னையும் முழுசாக வெட்டி எறிந்துவிடுங்கள். பழையதும் புதியதும் இருக்கட்டுமே என்று விட்டால், யாராவது சுவரில் செருகும்போது சார்ஜர் ஒயரிலேயே 230 வோல்ட் வந்து நிற்கும். நான் பின் இருந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்துவிட்டேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. அப்பா அதன் மேல் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி வைத்திருக்கிறார்.