ஒலிச்சமன் மேசையிலிருந்து மின்னணு இசைக்கு

கேள்வி: பிபிசி வானொலியில் ஒலிப்பொறியாளராக இருந்த டாஃப்னி ஓரம், மின்னணு இசையின் முன்னோடி என்றும் போற்றப்படுகிறார். பொறியாளர் வேலைக்கும் இசையமைப்புக்கும் என்ன தொடர்பு? அவர் ஏன் அந்த நிறுவனத்தை விட்டு விலகினார்?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: 1925-இல் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் பிறந்த ஓரம், லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல் பிபிசியில் இளநிலை ஸ்டூடியோ பொறியாளராகச் சேர்ந்தார். ராயல் ஆல்பர்ட் அரங்கிலிருந்து கச்சேரி நேரடியாக ஒலிபரப்பாகும்போது, அதே இசையின் பதிவுத்தட்டை மேடையில் வாசிக்கப்படுவதோடு இம்மியும் பிசகாமல் ஓட்டிக்கொண்டிருப்பது அவருடைய பணிகளுள் ஒன்று. குண்டுவீச்சினால் கச்சேரி நின்றுபோனாலும், நேயர்களுக்குத் தட்டிலிருந்து இசை தொடர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. இசைக்குறிப்பைப் படிக்கவும் கருவியைக் கையாளவும் ஒருங்கே தெரிந்தவரால்தான் இதைச் செய்ய முடியும். உங்கள் முதல் கேள்விக்கான விடை இதிலேயே இருக்கிறது என்பேன். பின்னர் அவர் பார்த்த ஒலிச்சமன் வேலையும் இத்தகையதே. எந்த மைக்கை எங்கே வைப்பது, வயலின்களை மூழ்கடிக்காதபடி ஊதுகருவிகளை எந்த அளவில் நிறுத்துவது என்பவற்றையெல்லாம் தம் காதை நம்பித் தீர்மானிப்பவருக்கு, நேயர் கேட்கும் இசையின் ஆக்கத்தில் பெரும்பங்கு உண்டு.

1949-ஐ ஒட்டி, வாத்தியக் குழுவோடு இசைத்தட்டுச் சுழற்றிகளையும் மைக்குகளையும் இசைக்கருவிகளாகவே கொண்ட ‘ஸ்டில் பாயின்ட்’ என்ற படைப்பை அவர் எழுதினார். பிபிசி அதை ஏற்கவில்லை. அது முதன்முதலாக அரங்கேறியது 2016-இல், அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. நம் காலத்து இசையரங்குகளில் இயல்பாகிவிட்ட ஒன்றை அத்தனை முன்னதாக எண்ணிப் பார்த்த ஒருவருக்கு இவ்வளவு நீண்ட காத்திருப்பு நேர்ந்தது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. பகல் வேலை முடிந்தபின் ஸ்டூடியோக்களிலிருந்த டேப் ரெக்கார்டர்களை ஓர் அறைக்கு நகர்த்திவந்து, இரவெல்லாம் ஒலிகளைப் பதிந்தும் வெட்டி ஒட்டியும் பார்த்துவிட்டு, விடிவதற்குள் அவற்றைப் பழைய இடங்களில் சேர்த்துவிடுவாராம். இந்த உழைப்பின் பயனாக, 1957-இல் ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்கு முழுக்க முழுக்க மின்னணு ஒலிகளால் இசையமைத்தார். மறு ஆண்டு ஏப்ரலில், பிபிசியில் அவருடன் பணியாற்றிய டெஸ்மண்ட் பிரிஸ்கோவும் அவரும் முன்னின்று வற்புறுத்திய ரேடியோஃபோனிக் ஒர்க்ஷாப் என்ற மின்னணு ஒலிக்கூடம், லண்டனிலுள்ள பிபிசியின் மைடா வேல் ஸ்டூடியோவில் தொடங்கப்பட்டது.

விலகலுக்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது. நாடகங்களுக்கு வேண்டிய பின்னணி ஒலிகளைச் செய்துதரும் இடமாகவே நிறுவனம் அதைக் கருதியது. தனித்து நிற்கும் இசை அங்கே பிறக்க வேண்டும் என்பது ஓரமின் விருப்பம். 1959-இல் வெளியேறிய அவர், கென்ட் பகுதியில் சொந்த ஸ்டூடியோ அமைத்து, ‘ஓராமிக்ஸ்’ என்ற கருவியை உருவாக்கினார். ஓடும் 35 மி.மீ. ஃபிலிம் சுருள்களின்மேல் அவர் கையால் தீட்டிய குறிகளை ஒளியுணர் கருவிகள் படிக்க, அவற்றுக்கேற்ப சுருதியும் ஒலியளவும் மாறும். நாதத்தின் தன்மையைக்கூட அலைவடிவமாக வரைந்தே அவர் தீர்மானித்தார். அந்தக் கருவி இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் வசம் உள்ளது.