பல வருடமாக ஐபிஎஸ் (IBS என்கிற குடல் கோளாறு), ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். நிவாரணம் உண்டா?

உண்டு. ஐபிஎஸ் என்பது குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமல், அது வேலை செய்யும் விதம் மட்டும் தடுமாறுவது. குடலுக்கும் மூளைக்கும் நடுவே நரம்புகள் வழியாக ஓயாமல் தகவல் போய்வருகிறது. அந்த நரம்புகளுக்குக் கூச்சம் அதிகமானால், கொஞ்சம் வாயு சேர்ந்தாலும் வலிக்கும்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். ரோடு சரி, இன்ஜினும் சரி. பிரேக் மட்டும் லேசாகத் தொட்டாலே கப்பென்று பிடிக்கிறது. உள்ளே இருப்பவர்கள் படும் பாடு நிஜம். ஆனால் வண்டியைப் போட்டோ எடுத்தால் ஒரு கீறல்கூடத் தெரியாது. ஸ்கேனும் அப்படித்தான்.

அப்புறம் சாப்பாடு. நம்மூர் தட்டுவடை செட்டில் வரும் வெங்காயமும் பூண்டும் சிலருக்குப் பெருங்குடலில் புளித்து வாயுவாகும். 4 வாரம் நிறுத்திப் பாருங்கள். குறைந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, ஆகாததைக் கண்டுபிடியுங்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் விலக்கி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து. இசப்கோல் என்கிற நார்ச்சத்து உமி, நடை, நல்ல தூக்கம் பலருக்கு உதவும். மலத்தில் ரத்தம், எடை குறைவு, ரத்தசோகை இருந்தால் உடனே குடல் மருத்துவரைப் பாருங்கள்.

ஐபிஎஸ் முற்றினால் புற்றுநோயாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி மாறுவதில்லை.