கம்பிக்காரரைக் கூப்பிடும் முன் பத்து நிமிடம்

கேள்வி: மூன்று வருடமாக ஒரு செடான் கார் வைத்திருக்கிறேன். போன மாதம் காரைக்குடியில் உறவினர் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். ரிமோட்டில் டிக்கி பட்டனை மட்டும் அழுத்தித் திறந்து, பைகளோடு சேர்த்துச் சாவியையும் உள்ளே வைத்து மூடிவிட்டேன். நான்கு கதவும் பூட்டியபடியே இருந்தன. மண்டபத்தில் ஒருவர் இன்டர்நெட்டில் தேடி ஒரு நம்பர் கொடுத்தார். போனில் 600 ரூபாய் என்றார்கள். வந்து, கம்பி விட்டுத் திறந்ததும் 4,500 வாங்கிக்கொண்டுதான் போனார்கள். இப்போது டிரைவர் பக்கக் கண்ணாடியை ஏற்றினால் கரகரவென்று சத்தம் வருகிறது, மழை பெய்தால் கால்மிதியில் தண்ணீர் நிற்கிறது. "பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியை உடைத்திருக்கலாம், இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார் மச்சான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? (மதுரை வாசகர்)

பதில்: மச்சான் பேச்சைக் கேட்காமல் விட்டது நல்லது. 4,500 கொடுத்தது ஏமாந்ததுதான், சந்தேகமே இல்லை. ஆனால் பணத்தைவிடப் பெரிய சேதம் கதவுக்குள் நடந்திருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கார் கதவு வெளியே பார்க்கத்தான் இரும்புத் தகடு. உள்ளே கண்ணாடி ஓடும் சேனல், அதை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் கேபிள், மோட்டார், சென்ட்ரல் லாக் வயர், ஸ்பீக்கர் வயர் எல்லாம் நெருக்கமாக இருக்கும். மழை பெய்யும்போது கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது கீழே உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அந்தத் தண்ணீர் உங்கள் பக்கம் வராமல் தடுக்க, கதவின் உள்பக்க உறையான டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கறுப்புப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். உங்கள் காரில் கம்பியை விட்டுத் துழாவியதில் அந்த ஷீட் கிழிந்திருக்கும், அல்லது பசை விட்டிருக்கும். கால்மிதியில் தண்ணீர் நிற்பது அதனால்தான். கரகர சத்தத்துக்குக் காரணம் சேனல் ரப்பர் விலகியது, இல்லையென்றால் கேபிள் தடம் மாறியது.

டோர் பேடைக் கழற்றி, ஷீட்டை மாற்றி ஒட்டி, சேனலைச் சரிசெய்தால் போதும். நல்ல எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. சர்வீஸ் சென்டரில் "ரெகுலேட்டர் அசெம்பிளியே போயிடுச்சு சார், முழுசா மாத்தணும்" என்று எஸ்டிமேட் நீட்டினால், பேடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அம்பாசடர், மாருதி 800 காலத்தில் ஸ்கேல் விட்டுத் திறப்பது நியாயமான வழிதான். கதவின் மேல் விளிம்பில் ஒரு குமிழ் இருக்கும், அதற்கு நேர் கீழே ஒரு தண்டு. ஸ்கேலில் ஒரு வெட்டு வெட்டி அந்தத் தண்டை இழுத்தால் வேலை முடிந்தது. இன்றைய கார்களில் பெரும்பாலும் தண்டுக்குப் பதில் உறை போட்ட கேபிள். மேலே இருந்து கம்பி விட்டால் எதுவும் கொக்கியில் மாட்டாது. மாட்டாதபோது கம்பி விடுகிறவர் குருட்டாம்போக்கில் கிண்டுவார், வயரும் ஷீட்டும் சேர்ந்து வரும்.

விவரம் தெரிந்த சாவிக்காரர் கதவுக்குள் எதையும் விடமாட்டார். கதவுச் சட்டத்தின் மேல் மூலையில் ஒரு தட்டையான காற்றுப் பையைச் செருகி, கையால் பம்ப் செய்து விரல் தடிமனுக்கு இடைவெளி உண்டாக்குவார். அதன் வழியே ரப்பர் முனை வைத்த நீளக் கம்பியை விட்டு, உள்ளே இருக்கும் லாக் பட்டனையோ கைப்பிடியையோ இழுப்பார். பெயின்டில் கீறல்கூட விழாது. திறந்ததும் அலாரம் அலறும், பயப்பட வேண்டாம். டிரைவர் சீட் பக்கத்து லீவரை இழுத்து டிக்கியைத் திறந்து, சாவியை எடுத்து ரிமோட்டை அழுத்தினால் அடங்கிவிடும். அதனால் போனிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "காற்றுப் பை வச்சுத் திறப்பீங்களா, கதவுக்குள்ள கம்பி விடுவீங்களா?" பதில் மழுப்பலாக வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

இப்போது அந்த 600 ரூபாய்க் கதைக்கு வருகிறேன். இன்டர்நெட்டில் "24 மணி நேர கார் சாவி சேவை" என்று ஊருக்கு ஊர் ஒரே மாதிரி விளம்பரம் வரும். பல நேரம் நம்பர் உள்ளூர்க்காரருடையதாகவே இருக்காது. எங்கோ உட்கார்ந்து ஒருவர் போனை எடுத்து, 600 என்று ஆசை காட்டி, உள்ளூரில் கிடைத்த ஆளை அனுப்பி, வசூலில் பங்கு வாங்குவார். வருகிற ஆளுக்கு 600-ல் கட்டுப்படியாகாது. அதனால் இடத்துக்கு வந்ததும் "இது சிப் சாவி, இது சென்ட்ரல் லாக், இது வேற ரேட்" என்று ஆரம்பிப்பார். கதவைத் திறக்கச் சிப்புக்கு வேலையே இல்லை. சிப் என்பது இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும். சிப் பெயரைச் சொல்லிக் கதவு திறக்கக் கூடுதல் பணம் கேட்டால் அது பித்தலாட்டம். வந்ததும் "லாக்கைத் துளை போடணும்" என்று சொல்கிறவரும் அதே ரகம். பகல் நேரத்தில், ஊருக்குள், சும்மா கதவைத் திறந்துதர ஆயிரம் ரூபாய் சுற்றிக் கேட்டால் அது நியாயம். ராத்திரி என்றால், ஊருக்கு வெளியே என்றால் கூடும். தொகையைத் தொடங்கும் முன்பே பேசி, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். உங்கள் கார்தானா என்று ஆர்.சி. கேட்காமல் திறக்கிறவர், நாளைக்கு உங்கள் காரை வேறொருவருக்கும் கேட்காமலே திறந்துகொடுப்பார். அந்தக் கேள்வியைக் கேட்கிறவரை மதியுங்கள்.

சரி, முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? நான்கு கதவையும் டிக்கியையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். எல்லாம் பூட்டித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பலர் பின்கதவைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்து, இரண்டாவது சாவி. உங்களுடையது வீட்டில் இருந்திருந்தால் மதுரையில் இருந்து காரைக்குடிக்கு ஒருவர் கொண்டுவந்து தர இரண்டு மணி நேரம். கல்யாணச் சாப்பாடு முடிவதற்குள் வந்திருக்கும். கார் டெலிவரி எடுக்கும் அன்று வண்டிக்கு மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுப்பார்கள். இரண்டாவது சாவியையும் சாவி நம்பர் பொறித்த சின்ன வில்லையையும் பத்திரமாக வைக்கச் சொல்ல மட்டும் ஆள் இருக்காது. பழைய கார் வாங்குகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். ஒற்றைச் சாவியோடு வாங்கி வருவார்கள். கார் திருட்டுப் போய் இன்சூரன்ஸ் கேட்கும் நாளில் கம்பெனி "ரெண்டு ஒரிஜினல் சாவியையும் கொடுங்க" என்னும்போதுதான் முழிப்பார்கள்.

மூன்றாவது, உங்கள் பாலிசியைப் பாருங்கள். ரோடு சைடு அசிஸ்டன்ஸ் என்ற சேர்க்கைக்கு நீங்களே தெரியாமல் பணம் கட்டியிருக்கலாம். சாவி உள்ளே மாட்டினால் திறந்து தருவதோ, ஸ்பேர் சாவியைக் கொண்டுவந்து தருவதோ அதில் பெரும்பாலும் அடக்கம். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று கால் மணி நேரம் பாட்டுக் கேட்க வேண்டியிருக்கும், அது தனி. தேசிய நெடுஞ்சாலையில் பாதுகாப்பில்லாத இடத்தில் மாட்டினால் 1033-க்குக் கூப்பிடலாம். புளூலிங்க், கியா கனெக்ட் போன்ற ஆப் உள்ள கார் என்றால் போனிலேயே கதவைத் திறக்கலாம். இலவசக் காலம் முடிந்ததும் பலர் புதுப்பிப்பதில்லை என்பதுதான் சிக்கல். இன்னொன்று: போனும் பைக்குள் போயிருந்தால் எல்லா வழியும் அடைபடும். ஆப்புக்கு ஓ.டி.பி., டிஜிலாக்கரில் ஆர்.சி. காட்ட ஓ.டி.பி. அது வந்து விழும் போன் காருக்குள் இருக்கிறது. இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்தவர் ஒருநாளாவது வெயிலில் பூட்டிய காருக்கு வெளியே நின்றிருக்க வேண்டும். வீட்டு ஆள் ஒருவரின் நம்பரையாவது மனப்பாடமாக வைத்திருங்கள்.

யூடியூப் வைத்தியங்களுக்கு ஒரு வரி போதும். டென்னிஸ் பந்தை ஓட்டை போட்டுச் சாவித் துளையில் வைத்து அழுத்துவதும், வீட்டில் இருந்து போனில் ரிமோட் சத்தத்தைக் கேட்க வைப்பதும் நேர விரயம். ரிமோட் பேசுவது ரேடியோ அலையில், போன் கடத்துவது ஒலியை.

கண்ணாடி விஷயம். சின்னக் கண்ணாடி என்றால் விலை குறைவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல மாடல்களில் அது ரப்பர் விளிம்போடு வார்த்து ஒட்டியது, பெரிய கண்ணாடியைவிட விலை அதிகமாகவும் இருக்கும், கிடைக்கவும் நாளாகும். உடைத்தாலும் அந்த இடத்தில் இருந்து லாக் எட்டும் என்று உறுதியில்லை. நீங்களே உடைத்ததை இன்சூரன்ஸ் ஏற்குமா என்பது ஒரு வழக்கு. ஏற்றுக்கொண்டாலும் 1,500 சி.சி. வரையான காருக்கு முதல் ஆயிரம் ரூபாய் உங்கள் கையைக் கடிக்கும். அதற்கு மேல் நோ கிளைம் போனஸ் போய்விடும். ஒரு வருடம் கிளைம் இல்லாவிட்டால் 20 சதவீதம், ஐந்து வருடம் இல்லாவிட்டால் 50 சதவீதம் என்று சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி தருவது அது. சில ஆயிரம் ரூபாய்க் கண்ணாடிக்கு அதை இழப்பது மூக்கணாங்கயிறு மிச்சம் என்று மாட்டை விற்ற கணக்கு.

உள்ளே குழந்தை இருந்தால் மட்டும் இதுவரை சொன்ன எதையும் யோசிக்காதீர்கள். மூடிய கார் வெயிலில் பத்தே நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி ஏறும், குழந்தை உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடியில் நின்றிருந்த காருக்குள் மூன்று குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். குழந்தைக்குத் தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியின் மூலையில், நடுவில் அல்ல, பக்கத்து வண்டியின் வீல் ஸ்பேனரால் ஓங்கி அடியுங்கள். முன் கண்ணாடியில் நேரத்தை வீணாக்காதீர்கள், அது விரிசல் விடுமே தவிரக் கழன்று விழாது. 112, 101, 108 எதற்கு வேண்டுமானாலும் இன்னொருவர் போன் செய்யட்டும், நீங்கள் அடியுங்கள்.

"பட்டன் ஸ்டார்ட் காரில் சாவி உள்ளே இருந்தால் பூட்டவே பூட்டாது" என்று ஷோரூமில் சொல்வார்கள். பொதுவாக உண்மை. கார் தன் உள்ளே இருக்கும் ஸ்மார்ட் கீயை அலை வழியாகத் தேடும், இருந்தால் பூட்ட மறுத்துக் கத்தும். ஆனால் சாவி கண்ணில் பட்டால்தானே? எவர்சில்வர் டிபன் கேரியருக்கு அடியில் சாவி கிடந்தால் கார் அதைக் காணாது. இரண்டு போனுக்கு நடுவில் கைப்பையில் இருந்தாலும் அப்படி ஆகலாம். ரிமோட் பேட்டரி தீர்ந்திருந்தாலும் அதே கதை, சின்னப் பொத்தான் பேட்டரிதான். இன்னும் ஒன்று: ரிமோட்டில் அன்லாக் அழுத்தி அரை நிமிடம் வரை கதவைத் திறக்காவிட்டால் பல கார்கள் தானாகத் திரும்பப் பூட்டிக்கொள்ளும். டிக்கியை மட்டும் திறந்ததைக் கதவு திறந்ததாகக் கணக்கில் எடுக்காத மாடல்களும் உண்டு. ஸ்மார்ட் கீக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவத் தெரிந்துகொள்ளுங்கள், கதவுக் கைப்பிடியில் அதற்கான துளையை ஒரு மூடி மறைத்திருக்கும். அந்த இரும்புச் சாவியைத் தனியே பர்ஸில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், புத்திசாலிகள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கேள்வி. திறந்து தந்த ஆள் "செக் பண்றேன்" என்று சாவியை வாங்கி, காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஏதாவது கருவியைச் செருகினாரா? செருகியிருந்தால் இன்னொரு சாவியைக் காரில் பதிந்திருக்க வாய்ப்பு உண்டு. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கு மேல் காட்டினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்கள் சாவிகளைப் புதிதாகப் பதியலாம். போகும்போது இரண்டு சாவியையும் கையோடு எடுத்துப் போங்கள். ஒன்றை வீட்டில் விட்டுவிட்டால், அழிக்கும்போது அதுவும் செத்துவிடும், அப்புறம் அதைப் பதிய இன்னொரு பில் போடுவார்கள்.