வாசகர் கேள்விகள்: முறை நாளும் இழுவைக் கயிறும்

கேள்வி: பிறரைத் தன்னைப்போல் நடத்தவேண்டும் என்று எல்லா மதங்களும் ஒன்றையே சொல்வதாக மேடைதோறும் பேசுகிறார்கள். உண்மையில் ஒன்றுதானா?
– பாம்பனிலிருந்து ஒரு வாசகர்

பதில்: மேடைக்கு அது போதும். நூல்களைப் பிரித்தால் இரண்டு விதமாகச் சொல்லியிருப்பது தெரியும். கன்பூசியஸும், யூத அறிஞர் ஹில்லேலும், 316ஆம் குறளும் 'செய்யாதே' என்கிறார்கள்; மத்தேயு 7:12 'செய்யுங்கள்' என்கிறது. (யூத வேதமான தோரா முழுவதும் இதுதான், மற்றவை விளக்கம், போய்ப் படி என்றார் ஹில்லேல். நம் பேச்சாளர்களுக்கு அந்தப் 'போய்ப் படி' மட்டும் மறந்துவிடும்.) 1993இல் சிகாகோவில் கூடிய உலகச் சமயப் பேரவையின் அறிக்கை இரண்டையுமே எழுதிவைத்தது.

இரண்டும் உங்கள் கடலிலேயே இருக்கின்றன. விசைப்படகின் இழுவைமடி நாட்டுப்படகுக்காரர் விரித்த வலையை அறுத்துவிடக் கூடாதென்றுதான் பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்தார்கள். முறை தவறாமல் போய்வந்தால் 'செய்யாதே' நிறைவேறிவிடும். இன்ஜின் நின்று நீரோட்டத்தில் போய்க்கொண்டிருக்கும் படகைக் கண்டதும், அன்றைய மீன்பாட்டையும் டீசல் கணக்கையும் ஒதுக்கிவிட்டு, கயிறு கட்டிக் கரைவரை இழுத்துவருவது மற்றது. முறை நாள் அட்டவணையில் அதற்கு இடமில்லை.

அதற்காகக் குறளைக் குறைவாக எண்ணவேண்டாம். 'இன்னா எனத்தான் உணர்ந்தவை' என்று தொடங்கும்போதே, பட்டவனிடம்தான் அது பேசுகிறது. வலையறுந்து வெறுங்கையோடு கரையேறியவர், கடன்பட்டு ஒரு விசைப்படகு வாங்கிய பிறகு எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் இருக்கிறது அந்தக் குறளுக்கான சோதனை.

கேள்வி: நபிமொழியில் 'சகோதரன்' என்றல்லவா வருகிறது? அது மார்க்கத்தாருக்கு மட்டும்தானே?
– கீழக்கரை வாசகி

பதில்: தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை எவரும் நம்பிக்கையாளர் ஆகமாட்டார் என்ற அந்த மொழி, இஸ்லாமிய அறிஞர் இமாம் நவவியின் நபிமொழித் தொகுப்பில் 13ஆவது. மார்க்கச் சகோதரன் என்றே பொருள்கொள்வோர் உண்டு. மாற்றுச் சமயத்தாரையும் சேர்த்த பொதுச் சகோதரத்துவமாகக் கொள்வதே மேல் என்று நவவி விளக்கினார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

உங்கள் கேள்வி பழையது. 'எனக்குப் பிறன் யார்?' என்று இயேசுவிடம் ஒருவர் கேட்டபோது, யூதர்கள் ஒதுக்கிவைத்திருந்த சமாரியன் ஒருவன் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டிச் சத்திரத்தில் சேர்த்த கதையை அவர் சொன்னார். அதற்கும் முற்பட்ட, தோராவின் ஒரு நூலான லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில், 18ஆம் வசனம் சொந்த ஜனத்தாரைச் சொல்லிப் பிறனிடம் அன்புகூரச் சொல்கிறது. 34ஆம் வசனம் அதே அன்பை அந்நியனுக்கும் கேட்கிறது. அங்கே சொல்லப்படும் காரணம் பாம்பன் வாசகருக்கும் உரியது: நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தவர்கள்தானே.