மறு: நிருபர் போன் செய்தால் என்ன சொல்வது?

நீங்கள் பார்த்த ஒரு பிரசவத்தைப் பற்றி நிருபர் போனில் கேட்டபோது, "கருத்து சொல்ல விரும்பவில்லை" என்று நீங்கள் போனை வைத்ததை, "மருத்துவச்சி பதிலளிக்க மறுத்தார்" என்று போட்டுவிட்டார்கள் என்கிறீர்கள். வழக்கமாக நடப்பதுதான். சண்டைக்குப் போகாதீர்கள், அந்த நிருபர் இன்னொரு நாள் தேவைப்படுவார்.

அடுத்த முறை முதலில் நீங்கள் கேளுங்கள்: எந்தப் பத்திரிகை, எதைப் பற்றிய செய்தி, எத்தனை மணிக்குள் வேண்டும்? "அரை மணியில் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு மேலதிகாரியிடம் அனுமதி வாங்குங்கள். சொன்னபடி கூப்பிடவும் வேண்டும்.

அந்தத் தாயைப் பற்றி மட்டும் வாயே திறக்காதீர்கள். பெயரை விட்டாலும் வயது, தேதி, எத்தனையாவது பிரசவம் என்பது போதும், அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். "ஒருவருடைய சிகிச்சையைப் பற்றி நான் பேச முடியாது. பிரசவ வலியின்போது தாயையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் பொதுவாக எப்படிக் கண்காணிக்கிறோம் என்று விளக்குகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நிருபருக்கும் எழுத ஏதோ கிடைக்கும். 'இது அச்சுக்கு அல்ல' என்ற பேச்சையெல்லாம் நம்பாதீர்கள் (எனக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது).

பிரச்சினை வரும்போது மட்டும்தான் பேச வேண்டும் என்றில்லை. மே 5 சர்வதேச மருத்துவச்சிகள் தினம். ஏப்ரல் கடைசியில் நீங்களே அந்த நிருபரைக் கூப்பிடுங்கள். உலகில் 9 லட்சம் மருத்துவச்சிகள் பற்றாக்குறை என்கிறது ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2021 அறிக்கை. அதோடு உங்கள் ஒரு இரவுப் பணி எப்படியிருக்கும் என்றும் சொன்னால் கட்டாயம் கேட்பார்.